ஆறாவது கோப்பை

இந்த ஊரில் சாவுக்குப் பத்திரிகை அடித்து அனுப்புகிறார்கள். கல்யாணப் பத்திரிகை மாதிரியே தடித்த காகிதம், ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு. தபால்காரர் கதவிலிருக்கும் துவாரத்தில் போட்டுவிட்டுப் போவார். இன்னார் காலமானார், வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்கு அடக்கம், முடிந்ததும் காப்பியும் ரொட்டியும் என்று ஒழுங்காக அச்சிட்டிருக்கும். பத்திரிகை வந்தவர்கள் போவார்கள், வராதவர்கள் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். நாங்கள் வந்த முதல் வருஷம் இது எனக்கும் என் மனைவி ஈஸ்வரிக்கும் தெரியாது. எதிர்வீட்டு அம்மாள் இறந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் அடுப்பை அணைத்துவிட்டுப் போட்டது போட்டபடி ஓடினோம். கதவைத் திறந்த மகள் எங்களை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, பல் டாக்டரின் வரவேற்பறையில் சொல்வது போல, "பார்ப்பதற்குச் செவ்வாய்க்கிழமை நாலு மணியிலிருந்து ஐந்து மணி வரை" என்றாள். வாய்விட்டு அழத் தயாராக வந்திருந்த ஈஸ்வரிக்கு அந்த அழுகையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. "சாவுக்கு டைம் போட்டு வெச்சிருக்காங்களாங்க?" என்று வீடு வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள்.

ஊரிலிருந்து பேசுகிறவர்கள் குளிரைப் பற்றிக் கேட்கிறீர்கள், சோறு கிடைக்கிறதா என்று கேட்கிறீர்கள். என்னைப் போலவே தூர தேசத்தில் கிடப்பவர்கள் விசா பற்றிக் கேட்கிறீர்கள். ஒருவரும் கேட்காத ஒன்றைப் பற்றி இன்று எழுதுகிறேன். செத்தால் தூக்குவது யார்?

நான் பாப்பாரப்பட்டிப் பக்கத்து ஆள். ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் பதினைந்து வருஷம் சி.என்.சி. மிஷினில் நின்றேன். அங்கிருந்து நெதர்லாந்தின் தெற்கு எல்லையிலிருக்கும் இந்தச் சின்ன ஊருக்கு அதே மாதிரி மிஷினில் நிற்க வந்தேன். ஈஸ்வரி கடத்தூரில் பிறந்தவள். இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் துணி துவைக்கும் பிரிவில் வேலை பார்த்தாள், என்னைவிட நன்றாக டச்சு பேசுவாள். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரில் வேறு தமிழரும் இல்லை.

போன வருஷம் மார்ச் மாதம் அவள் வயிற்று வலிக்குக் காரணம் கணையத்தில் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். இந்த நாட்டு டாக்டர்களுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியாது. "இலையுதிர் காலத்தைப் பற்றிப் பேசலாம், கிறிஸ்துமஸைப் பற்றிப் பேச வேண்டாம்" என்றார் அந்த டாக்டரம்மா, ஈஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டே. திரும்பும்போது பஸ்ஸில் ஈஸ்வரி ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். நான் ஆறுதல் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டது வேறு. "ஏங்க, இங்க என்னெ யாருங்க தூக்குவாங்க?"

அதற்கென்று கம்பெனி இருக்கிறது, சாம்பல் கோட்டுப் போட்ட நாலு பேர் வருவார்கள் என்றேன். "வாடகைக்கு ஆளா?" என்றாள். 

அப்படியானால் ஊருக்கு அனுப்பிவிடலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்தேன். ஆனால் ஈஸ்வரியின் மனதில் ஒரு பெட்டி இருந்தது. கல்யாணமான புதிதில் ஏரியூரில் ஒரு சாவுக்குப் போயிருந்தோம். வளைகுடாவில் கட்டட வேலைக்குப் போனவன், இருபத்திரண்டு நாள் கழித்து வந்து சேர்ந்தான். மரப்பெட்டி, மேலே விமானச் சரக்குச் சீட்டு, அதில் எடை. பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அவன் பெண்டாட்டி அந்தச் சீட்டைத் தடவித் தடவி அழுதாள், தடவுவதற்கு வேறு எதுவும் இல்லை. அன்றைக்கே ஈஸ்வரி என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "நா எங்க செத்தாலும் அங்கியே போட்டுருங்க. மூட்டையாட்டம் ஏத்தி உடாதீங்க." அப்போது நாங்கள் ஓசூர் வரைகூடப் போயிருக்கவில்லை. சிரித்துக்கொண்டே கையில் அடித்துக் கொடுத்தேன்.

எங்கள் பக்கம் பாடையைத் தூக்குவது பங்காளிகள். அப்பன் வழி அண்ணன் தம்பிகள். வருஷமெல்லாம் வரப்புத் தகராறில் பேசாமல் இருந்தவன்கூட அன்றைக்கு வந்து தோள் கொடுப்பான், யாரும் கூப்பிட வேண்டியதில்லை. தூக்கி முடித்ததும் ஒருவரும் விடைபெற மாட்டார்கள். சாவு வீட்டில் 'வர்றேன்' என்று சொல்லக்கூடாது, மறுபடியும் அதற்கே வருவதாக ஆகிவிடும். திரும்பிப் பார்க்காமல் நேராகப் போய், உடுத்திய துணியோடு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைய வேண்டும். இதையெல்லாம் யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. உடம்புக்குத் தெரியும்.

என் அப்பா இறந்தபோது நான் தோள் கொடுக்கவில்லை. இங்கே தங்கும் அனுமதிச் சீட்டு புதுப்பிப்பில் இருந்தது. வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது என்றார்கள். பெரியப்பா மகன் பச்சியப்பன் அண்ணன்தான் கொள்ளிச்சட்டி தூக்கினார், குழியில் முதல் மண்ணையும் போட்டார். நான் தொழிற்சாலைக் கழிவறையில் நின்று செல்போனில் பார்த்தேன். பாடை தெருமுனையில் திரும்பும்போது படம் உறைந்துவிட்டது. அப்பா அங்கேயே நின்றுவிட்டார். இன்றுவரை என் கணக்கில் அவர் அந்த முனையிலேயேதான் நிற்கிறார்.

பங்காளி இல்லாத ஊரில் பங்காளிகளைத் தேடினேன். தேடியதில் கில்டெ கிடைத்தது. பல நூறு வருஷத்துக்கு முன் ஊர்க்காவலுக்காக வில்லெடுத்தவர்கள் சேர்ந்த சங்கம் அது. காவல் போய்விட்டது, சங்கம் போகவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை உயரமான கம்பத்தின் உச்சியில் மரப்பறவையை வைத்துச் சுடுவார்கள், வீழ்த்தியவர் அந்த வருஷத்து ராஜா. கறுப்புக் கம்பளிக் கோட்டு, சிவப்புப் பட்டை, கொடி, தம்பட்டம். ஒருவரையொருவர் சகோதரர் என்றுதான் அழைக்க வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் எனக்கு அடுத்த மிஷினில் நிற்கும் பீட், அந்தச் சங்கத்தின் தம்பட்டக்காரர். ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில் அவர்தான் போகிறபோக்கில் சொன்னார். சகோதரனோ அவன் மனைவியோ இறந்தால், ஆறு சகோதரர்கள் தோளில் தூக்கிப் போவார்களாம். கம்பெனி ஆட்கள் தொடக்கூடாதாம். கையிலிருந்த ரொட்டியைக் கீழே வைத்தேன். "நான் சேரலாமா?" என்றேன்.

சங்கத் தலைவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். நீண்ட மேசை, சுவரெல்லாம் செத்துப்போன ராஜாக்களின் வெள்ளித் தகடுகள். ஏன் சேர விரும்புகிறாய் என்று கேட்டார். பழைய பழக்கவழக்கங்களில் எனக்கு ஆர்வம் என்று பொய் சொன்னேன். பெண்டாட்டியைத் தூக்க ஆள் பிடிக்க வந்தவன் என்று நினைத்துவிடுவார்களே என்ற பயம். இந்த நாட்டில் உள்ளதை உள்ளபடி சொன்னால் மதிப்பார்கள் என்பது தெரிந்தும் நம் ஊர் மழுப்பல் புத்தி போகவில்லை. தலைவர் தலையாட்டினார். ஒரு வருஷம் சங்கத்தோடு கூடவே வர வேண்டும், பிறகு வாக்கெடுப்பு. ஒவ்வொரு சகோதரரும் தகரக் குவளைக்குள் ஒரு அவரை விதை போடுவார், வெள்ளை போட்டால் சம்மதம், பழுப்பு போட்டால் மறுப்பு. மூன்று பழுப்பு விழுந்தால் கதவு மூடியது என்று அர்த்தம்.  ஈஸ்வரியிடம் அவ்வளவு நாள் இல்லை. வெளியே வந்து அவளுக்குப் போன் செய்து, சேர்த்துக்கொண்டார்கள் என்று மட்டும் சொன்னேன்.

ஆகஸ்டில் யான் என்ற மூத்த சகோதரர் இறந்தார். ஓய்வு பெற்ற ரொட்டிக்கடைக்காரர். தூக்க வேண்டிய ஆறு பேரில் ஒருவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டதால், பீட் பரிந்து பேசி, ஆறாவது ஆளாக என்னை நிறுத்தினார்கள். சங்கத்தின் கோட்டு ஒன்றைப் போட்டுவிட்டார்கள். தம்பட்டத்துக்குக் கறுப்புத் துணி சுற்றியிருந்தது. பீட் ஒரு அடி, நாங்கள் ஒரு எட்டு, மறுபடி ஒரு அடி. நம் ஊர் மேளத்தின் ஆவேசமெல்லாம் கிடையாது, ஆனால் அடி நெஞ்சில்தான் விழுந்தது. பெட்டியின் விளிம்பு என் தோளெலும்பை அழுத்தியபோது எனக்கு யான் முகம் நினைவில் இல்லை. பாப்பாரப்பட்டித் தெருமுனையில் நின்ற பாடைதான் மெல்ல நகர்ந்தது. அப்படி அழுதேன், முன்னால் போனவர் திரும்பிப் பார்த்தார். தெரியாத ஒருவருக்காக நான் அழுவதாக நினைத்திருப்பார்.

குழியில் இறக்கி முடித்தாயிற்று. மற்றவர்கள் யானின் மனைவி ரீட்டை நோக்கிப் போனார்கள். நான் திரும்பினேன். யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவில்லை. நேராக வீட்டுக்கு நடந்து, தோட்டத்துக் குழாயைத் திறந்து, சங்கத்துக் கோட்டோடும் சிவப்புப் பட்டையோடும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். எதிர்வீட்டு ஜன்னலில் ஆள் நின்றது தெரிந்தது. தெரியட்டும் என்றிருந்தது. அப்பா இறந்த இத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் முழுகியதாகத் தோன்றியது.

மறுநாள் பீட் வந்தார், கோட்டை வாங்கிப் போக. அது கொடியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் உட்காரவில்லை.

"முனி, நீ ஏன் போய்விட்டாய்?"

"குளிக்க வேண்டியிருந்தது."

"ஏன்?"

"இறந்தவரைத் தொட்டேனே."

பீட்டின் முகம் சிவந்துவிட்டது. "யான் அழுக்காக இருந்தாரா?"

இல்லை, இல்லை என்று பதறினேன். தீட்டு என்பதை டச்சில் எப்படிச் சொல்வது? தெரிந்த வார்த்தையெல்லாம் அழுக்கிலேயே போய் முடிந்தது. சொல்லச் சொல்ல நானே அந்த மனிதரை அவமானப்படுத்திக்கொண்டிருந்தேன். பிறகு பீட் சொன்னார். அடக்கம் முடிந்ததும் மண்டபத்தில், தூக்கிய ஆறு பேருக்கும் இறந்தவரின் மனைவி தன் கையால் காப்பி ஊற்றித் தர வேண்டும். அதைக் குடித்தால்தான் தூக்கியதாகக் கணக்கு. குடிக்காதவன் சவத்தை நடுவழியில் இறக்கி வைத்தவன். ரீட் ஆறு கோப்பை ஊற்றினாராம். ஆறாவது கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்தபடி ரொம்ப நேரம் நின்றாராம். ஆறிப்போன காப்பியைக் கடைசியில் யார் கொட்டினார்கள் என்று பீட் சொல்லவில்லை.

செப்டம்பரில் ஈஸ்வரி படுக்கையோடு படுக்கையாகிவிட்டாள். அப்போதுதான் பீட்டிடம், அவளைத் தூக்க ஆள் வேண்டித்தான் சங்கத்துக்கு வந்தேன் என்ற உண்மையைச் சொன்னேன். அவர் தலைவரிடம் போய், என்ன பேசினாரோ, வாக்கெடுப்பை அக்டோபருக்கே கொண்டுவந்தார். நான் மண்டபத்துக்கு வெளியே சைக்கிள் நிறுத்துமிடத்தில் நின்றேன். சாமியெல்லாம் கும்பிட்டேன், குலதெய்வம் முனியப்பனைக்கூட அத்தனை தூரத்திலிருந்து இழுத்தேன். பீட் வெளியே வந்து கைவிரலைக் காட்டினார். நான்கு. நாலு பழுப்பு விதை. ஆறாவது கோப்பையை அவர்கள் மறக்கவில்லை. என்னால் அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. நம் ஊரில் ஒரு பங்காளி கருமாதிச் சோற்றில் கைவைக்காமல் எழுந்து போனால் நாம் என்ன பேசியிருப்போம்?

சேர்த்துக்கொண்டார்கள் என்ற பழைய பொய்யையே ஈஸ்வரியிடம் காப்பாற்றலாம் என்று நினைத்துக்கொண்டே வந்தேன். முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "போனாப் போவுதுங்க. வாடகை ஆளே தூக்கட்டும். செத்ததுக்கு அப்பறம் எனக்கென்னா தெரியவா போவுது?" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அந்த முதுகைப் பார்த்து நான் உடைந்துபோனேன். சமையலறைக்கு வந்து பச்சியப்பன் அண்ணனுக்குப் போன் போட்டேன். அப்பா சாவுக்குப் பிறகு நாங்கள் பேசியதே இல்லை.

"ஊருக்கே அனுப்பிடலாமான்னு பாக்கறண்ணா."

"அனுப்பறதுன்னா அனுப்புடா. அவ நம்ம வூட்டுப் பொம்பள, தூக்கறதுக்கு இங்க ஆளிருக்குது. நீ மண்ணு போட வருவியா, இல்ல இதையும் போன்லதான் பாப்பியா?"

 அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. உள்ளிருந்து ஈஸ்வரியின் குரல் வந்தது. "பொட்டியில போட்டு அனுப்பாதீங்க. கையடிச்சுக் குடுத்தீங்க." போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கு ரீட்டுக்கு ஒரு கடிதம் எழுதினேன். எனக்கு மன்னிப்பு வேண்டும் என்பதைவிட, யான் அழுக்கு இல்லை என்று அந்த அம்மாளுக்குத் தெரிய வேண்டும் என்றுதான் எழுதினேன். ஈஸ்வரி படுத்தபடியே டச்சுச் சொற்களைத் திருத்தித் தந்தாள். எங்கள் ஊரில் சாவுக்கு யாரும் அழைப்பதில்லை, கேள்விப்பட்டால் போவோம். தூக்கியவன் விடைபெற மாட்டான், 'வருகிறேன்' என்ற சொல்லை அந்த வீட்டில் விடக்கூடாது, அந்த வீட்டுக்கு அதே காரணத்துக்காக மறுபடி வர நேரக்கூடாது என்பதற்காக. குளிப்பது இறந்தவரைக் கழுவிப் போக்க அல்ல, அந்தத் துக்கத்துக்கு வெளியே வந்து, வீட்டிலிருப்பவர்களைத் தொடுவதற்காக. நீங்கள் காப்பியோடு காத்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியாது. இவ்வளவுதான் கடிதம். சைக்கிளில் போய் அவர் வீட்டுக் கதவுத் துவாரத்தில் போட்டேன். பதில் வரவில்லை.

நவம்பர் நடுவில், ஒரு செவ்வாய்க்கிழமை விடிந்த கொஞ்ச நேரத்தில் ஈஸ்வரி போய்விட்டாள். கடத்தூரிலிருந்து அவள் தம்பி, பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை வாங்கி, அதன் படத்தை வாட்ஸப்பில் அனுப்பினான். போர்த்த முடியாத சேலை, பச்சையில் அரக்குக் கரை. கல்யாணச் சேலையைப் போர்த்தினேன். பத்திரிகை அடிக்கவில்லை. கம்பெனிக்காரர் எத்தனை வேண்டும் என்று கேட்டபோது, யாருக்கு என்று திருப்பிக் கேட்டேன். பத்திரிகை வேண்டாம் என்று அவர் குறித்துக்கொண்டார். தொழிற்சாலைக்கு மட்டும் போன் செய்து, வெள்ளிக்கிழமை அடக்கம் என்று லீவு சொன்னேன்.

வெள்ளிக்கிழமை காலை சாம்பல் கோட்டு ஆட்கள் நாலு பேர் வந்து கையுறை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார்கள். நல்ல மனிதர்கள், மெதுவாகத்தான் பேசினார்கள். எனக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கக் கூசியது. திறந்திருந்த பெட்டியில் ஈஸ்வரியின் காதருகே குனிந்து, என்னால் முடியவில்லை என்று சொன்னேன். அப்போது அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ரீட். தோளில் தொங்கிய பையில் இரண்டு பெரிய ஃபிளாஸ்க்குகள். அவருக்குப் பின்னால் பீட், பீட்டுக்குப் பின்னால் ஐந்து பேர். கறுப்புக் கோட்டு இல்லை, சிவப்புப் பட்டை இல்லை. உறுப்பினர் அல்லாதவர் வீட்டுச் சாவுக்கு அதைப் போடச் சங்கம் விடாது. மழைக் கோட்டில் வந்திருந்தார்கள், ஒருவர் தொழிற்சாலை உடுப்போடு. சங்கத் தலைவர் இல்லை.

பீட் தொண்டையைச் செருமினார். "எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை." ரீட்டைக் கைகாட்டினார். "உங்கள் ஊரில் தேவையில்லை என்று ரீட் சொன்னாள்."

 கம்பெனி ஆட்கள் ஒன்றும் கேட்காமல் கையுறையைக் கழற்றிக்கொண்டு சுவரோரம் ஒதுங்கினார்கள். ஆறு பேரும் பெட்டியை மூடி, குனிந்து, ஒரே மூச்சில் ஈஸ்வரியைத் தோளுக்கு ஏற்றினார்கள். தம்பட்டம் இல்லை. பழக்கத்தில் பீட்டின் வலது கை மட்டும் தொடையில் தட்டிக்கொண்டே வந்தது, அதற்கு எல்லாரும் எட்டு வைத்தார்கள். நான் பின்னால் நடந்தேன். பழுப்பு விதை போட்ட நாலு கையில் எத்தனை கை இப்போது அவளைத் தாங்கிப் போகிறதோ என்ற நினைப்பு வந்தது. ஒவ்வொரு முதுகாகப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை, அதற்குப் பிறகு கண்டுபிடிக்கவும் தோன்றவில்லை. குழியில் மூன்று பிடி மண் போட்டேன், இந்த முறை என் கையால். அந்த மண் நம் செம்மண் இல்லை, கறுத்து ஈரமாக விரலில் ஒட்டியது.

திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தேன். அவர்கள் பின்னால் வரும் சத்தம் கேட்டது. தோட்டத்துக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வரவில்லை. உறைபனிக்குப் பயந்து போன வாரம் நான்தான் அடைத்து வைத்திருந்தேன். மழைநீர்ப் பீப்பாயில் இரண்டு கையையும் விட்டு அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டேன். பல் கிட்டியது. முழுக்கும் இல்லை, முழுகாமலும் இல்லை. ஆறு பேரும் வேலியோரம் நின்று, நான் முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

உள்ளே ரீட் மேசையில் ஆறு கோப்பைகளை வரிசையாக வைத்திருந்தார். ஃபிளாஸ்க்கை என் கையில் கொடுத்தார். நம் ஊரில் சாவு வீட்டில் அன்றைக்கு அடுப்பு மூட்ட மாட்டோம், இது அவர் வீட்டு அடுப்பில் கொதித்த காப்பி. ஈரக் கையால் ஊற்றினேன். கோப்பையில் பாதி, மேசையில் பாதி. ஒவ்வொருவராக வந்து வாங்கிக் குடித்தார்கள். ஆறாவது கோப்பை பீட்டுக்கு. சூடாக இருந்தது, ஊதி ஊதிக் குடித்தார்.

இங்கே யாரும் விடைபெறாமல் போவதில்லை. கடையில் ஒரு ரொட்டி வாங்கினாலும் 'டொட் சீன்ஸ்' சொல்வார்கள், மறுபடி பார்க்கலாம் என்று அர்த்தம். அன்றைக்கு ஒருவர்பின் ஒருவராகக் கோப்பையை வைத்துவிட்டு வெளியே போனார்கள். ரீட் பையை எடுத்துக்கொண்டு போனார். கடைசியாகப் பீட். வாசலில் நின்று என்னைப் பார்த்தார். வாய் திறந்தது. என் கடிதம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். வேலிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். பாப்பாரப்பட்டியில் பிறந்தவன்கூட அவ்வளவு சரியாகச் செய்திருக்க மாட்டான்.

காலியான கூடத்துக்கும் ஆறு கோப்பைக்கும் நடுவில் நான் நின்றேன். முறை தெரியாத ஒருவராவது, ஒரே ஒருவராவது, திரும்பி நின்று 'வர்றேன்' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கக்கூடாதா என்று இருந்தது.